லிப்ட் ஓட ஆரம்பித்த பிறகு

நாலு மாடிக் கட்டிடத்தில் லிப்ட் கெட்டுப்போய், ஐந்து வருஷமாய் ஒருத்தனும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை என்றால், அது டிவியில் மட்டும்தான் நடக்கும். மெக்கானிக் இதைச் சொல்லாத சனிக்கிழமை கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் லிப்ட் வேலை பார்த்த மனுஷர். கண்ணெதிரே ஒரு லிப்ட் செத்துக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"மோட்டாருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. கதவு சரியா மூடல, அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. என்னை விட்டா இப்பவே போய் முடிச்சுட்டு வந்துருவேன்" என்பார்.

"லிப்ட் ஓடுச்சுன்னா அவங்க எங்க நின்னு பாடுவாங்க? பேசாம உக்காருங்க" என்பாள் அவர் சம்சாரம்.

"விடுக்கா. மாமா காதுக்குப் பாட்டெல்லாம் ஏறாது. நட்டு, போல்ட்டு சத்தம்தான் ஏறும்." இது அவள் தம்பி. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரே அவனைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். மெக்கானிக்குக்கு மட்டும் மாப்ளை.

அது ஒரு பாட்டுத் தொடர். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை ஏழு மணிக்கு, ஒரு மணி நேரம். அந்தக் கட்டிடத்தில் கீழே பேப்பர் கடைக் கிழவி, இரண்டாம் மாடியில் தையல்காரன், மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ், நாலாம் மாடியில் கல்யாணமாகாத வாத்தியார் ஒருத்தர். லிப்ட் ஓடாததால் எல்லோரும் படியில்தான் ஏறி இறங்க வேண்டும். படியில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள், முறைப்பார்கள், வழிவிடுவார்கள். பேச்சு முற்றும்போது பாட்டாகிவிடும். கடலுக்கும் மலைக்கும் போய்ப் பாடுகிற பாட்டில்லை. மேல்மாடியில் செருப்புச் சத்தம் தாங்கவில்லை என்று ஒரு பாட்டு. பொத்தான் ஒன்று உருண்டு கீழே போய்விட்டது என்று ஒரு பாட்டு.

மெக்கானிக் காதுக்குப் பாட்டு ஏறாது என்று மச்சினன் சொன்னது பொய். காதை வைத்துத்தான் அவர் பிழைத்தார். மோட்டார் அறைக்குள் நுழையாமலே, வெளியே நின்று ஓசையைக் கேட்டு எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு அந்தத் தொடரில் ஒன்று பிடித்துப்போனது. நர்ஸ் வேலை முடிந்து படியேறிக்கொண்டே பாடுவாள். முதல் மாடியில் குரல் சுத்தமாய் இருக்கும். இரண்டாம் மாடியில் கொஞ்சம் இளைக்கும். மூன்றாம் மாடிக் கதவைத் திறக்கும்போது கடைசி வரியைப் பாதி மூச்சில் விட்டுவிடுவாள். அந்தப் பொண்ணு உண்மையாகவே ஏறிக்கொண்டுதான் பாடுகிறாள், இதில் தில்லுமுல்லு இல்லை என்று மெக்கானிக்குக்குத் தெரியும். உலகத்தில் அவர் நம்பியது ரொம்பக் கொஞ்சம். டாக்டரை நம்பியதில்லை, செய்தியை நம்பியதில்லை, சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவனை நம்பியதே இல்லை. அந்த மூச்சிரைப்பை நம்பினார்.

அப்புறம் சம்சாரம் போய்விட்டாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் டிவி ஓடவில்லை. ஒரு சனிக்கிழமை ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்டக்டர் வந்தான். தன் நாற்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்து, தொடரைப் போட்டான். இரண்டு பேரும் பார்த்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி சும்மா கிடந்தது. எட்டு மணிக்கு எழுந்து, "வரேன் மாமா" என்று போனான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான்.

அவளைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதற்குப் பேச? பேசினால் ஒருத்தன் அழ வேண்டும், இன்னொருத்தன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதைவிடத் தையல்காரனைப் பற்றிப் பேசலாம். வாத்தியார் நர்ஸைக் கட்டுவாரா மாட்டாரா என்று சண்டை போடலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீட்டில் இன்னொரு ஆள் இருமுகிற சத்தம் கேட்டது. மிச்ச நாளெல்லாம் மெக்கானிக் அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் ஓட்டினார். மகன் ஒருத்தன் தூர தேசத்தில் இருந்தான். போன் பண்ணி, "சாப்பிட்டீங்களாப்பா" என்பான். "சாப்பிட்டேன்" என்பார். அதோடு பேச்சு தீர்ந்துபோகும்.

ஆறாவது வருஷம்தான் அந்தக் காரியம் நடந்தது. தொடரில் லிப்டைச் சரிபண்ணிவிட்டார்கள்.

முதலில் மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மாப்ள, பாத்தியா, கடைசில எவனுக்கோ புத்தி வந்துருச்சு" என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கதவு திறந்தது. நர்ஸ் உள்ளே போனாள். மேலே எண் மாறியது. கதவு திறந்தது. அதற்குள் அவர் முகம் சுருங்கிப்போனது.

"இது லிப்டே இல்ல."

"என்ன மாமா?"

"பெட்டி அசையவே இல்லடா. நிக்கும்போது ஒரு குலுக்கு இருக்கணும். அவ தோள் பாத்தியா, கல்லு மாதிரி நிக்குது. ரெண்டு பக்கமும் ஆள் நின்னு கதவைக் கையால இழுக்கறான். அதுலயும் இடது பக்கத்து ஆள் சோம்பேறி, அரை நொடி லேட்டு."

கண்டக்டர் சிரித்தான். மெக்கானிக் சிரிக்கவில்லை.

லிப்ட் வந்ததும் படியில் யாரும் ஏறவில்லை. ஏறாதவன் எதிரில் யாரும் வரவில்லை. பேப்பர் கடைக் கிழவியிடம் நின்று பேச ஆளில்லை. நாலு வாரத்தில் கிழவியையே காணோம், ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாட்டு வேண்டுமே, அதற்கு எங்கே போவது? லிப்ட் கதவு மூடும், திறந்தால் கடற்கரை. மூடும், திறந்தால் பனிமலை. பின்னால் இருபது பேர் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு குதிப்பார்கள். நர்ஸாக நடித்த பொண்ணு போய், வேறு ஒருத்தி வந்தாள். மூக்கும் முழியும் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் பனிமலையில் ஓடிக்கொண்டே பாடுகிறவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. ஒரு அறைக்குள் உட்கார்ந்து பாடி, மெஷினில் போட்டுத் தேய்த்த குரல். எவர்சில்வர் பாத்திரம் மாதிரி வழவழவென்று இருந்தது. மெக்கானிக்குக்குக் காதில் எறும்பு ஊர்வதுபோல் ஆனது.

வருஷம் போகப் போக இன்னும் மோசம். முதல் பத்து நிமிஷம் போன வாரம் நடந்ததையே காட்டுவான். கடைசி ஐந்து நிமிஷம் அடுத்த வாரம் நடக்கப்போவதைக் காட்டுவான். நடுவில் விளம்பரம். வாத்தியார் திடீரென்று பணக்காரன் மகன் என்று தெரியவந்தது. தையல்காரனுக்கு அவனைப் போலவே ஒரு இரட்டைப் பிறவி முளைத்தது. அழுகிற இடத்தில் ஒரே முகத்தை மூன்று தடவை மூன்று பக்கத்திலிருந்து காட்டினார்கள். யாரை ஏமாற்றுகிறான்?

இதையெல்லாம் மெக்கானிக் வாய்விட்டுச் சொன்னாரா என்றால், இல்லை. அதுதான் ஆச்சரியம். ஓடாத லிப்டை ஓடும் என்று எந்த முதலாளிக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காத மனுஷர். கல்யாண வீட்டிலேயே சாப்பாடு சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறவர். அவர் சனிக்கிழமை எட்டு மணிக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்ளை எதற்கு வருகிறான்? தொடர் பார்க்க வருகிறான். அவன் வீட்டில் மருமகள் வேறு ஏதோ பார்ப்பாளாம், ரிமோட் கைக்கு வராதாம். அக்கா போன பிறகு இந்த வீட்டில் அவனுக்கு வேறு என்ன வேலை? தொடர் குப்பை என்று சொல்லிவிட்டால் அவன் வர ஒரு காரணமும் மிச்சமில்லை. அதனால் அவன், "எப்படி மாமா இருந்துச்சு?" என்று கேட்டால், "ம்" என்பார். அவன், "பரவால்ல" என்பான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை தையல்காரன் கப்பலில் பாடினான். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று ஒரு காலத்தில் பாடி, சம்சாரத்தை அழவைத்தவன். இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கப்பல் மேல்தட்டில், நாற்பது பேரோடு இடுப்பை ஆட்டினான். பாட்டு முடிந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் கண்டக்டர்.

மெக்கானிக்குக்குள் ஏதோ அறுந்தது.

"என்ன நல்லா இருந்துச்சு?"

"இல்ல மாமா, கப்பலு..."

"கப்பலா? அவனுக்குக் கப்பல்ல என்னடா வேலை? சட்டை தைக்கறவனுக்கு? கிழிஞ்ச பாய்மரத் துணியையா தைக்கப் போனான்? நான் ரெண்டு வருஷமா வாயை மூடிட்டு உக்காந்திருக்கேன். இது குப்பை மாப்ள. நாறுது."

கண்டக்டர் ரிமோட்டைக் கீழே வைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"நர்ஸு பொண்ணு மாறினப்பவே எனக்கு விட்டுப்போச்சு மாமா."

"என்னது?"

"உங்களுக்காகத்தான் உக்காந்திருந்தேன். நீங்க ஆசையா பாக்கறீங்கன்னு நினைச்சேன்."

"நானா? நான் உனக்காகடா."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் கண்டக்டருக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் மெக்கானிக்குக்கு. விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தார்கள். டிவியை நிறுத்திவிட்டு எட்டரை மணி வரை அந்தத் தொடரைப் பிரித்து மேய்ந்தார்கள். கண்டக்டர் எழுந்து நின்று கப்பல் ஆட்டத்தை ஆடிக் காட்டினான். "நாப்பது பேரு ஆடறான் மாமா, நம்ம பஸ்ஸு மாதிரி எல்லாரும் படியில தொங்கறான், உள்ள போங்கன்னா ஒருத்தன் போறதில்ல" என்றான். சம்சாரம் போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

போகும்போது கண்டக்டர் சொன்னான்: "அடுத்த வாரம் அந்தக் கண்றாவியைப் போட வேண்டாம் மாமா. சும்மா உக்காந்து பேசலாம்."

"ஆமா. சும்மா பேசலாம்."

அடுத்த சனிக்கிழமை வந்தான். டீ போட்டுக் கொடுத்தார். பிஸ்கட் வைத்தார். டிவி கறுப்பாய் நின்றது. அதில் இரண்டு கிழவர்களும் நடுவில் காலி நாற்காலியும் தெரிந்தன.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. உங்களுக்கு?"

"இருக்கு."

டீயைக் குடித்தார்கள்.

"மகன் பேசினானா?"

"பேசினான்."

"என்ன சொன்னான்?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டான்."

கண்டக்டர் பிஸ்கட்டை இரண்டாக உடைத்தான். ஒரு பாதியைச் சாப்பிட்டான். மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தார். எதையாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். நாற்பது வருஷ உறவு. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றியது. அதைத் தொட இரண்டு பேருக்கும் தைரியமில்லை. ஏழு இருபதுக்குக் கண்டக்டர் எழுந்தான். "மழை வரும்போல இருக்கு மாமா" என்றான். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

அதற்கடுத்த வாரம், மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று போன் பண்ணினான். அதற்கடுத்த வாரம் போனும் இல்லை.

மெக்கானிக்குக்குப் புத்தி எப்போதும் கோணலாகத்தான் போகும். இவனுக்கு வேறு எங்கோ கூட்டு கிடைத்திருக்கிறது என்று நினைத்தார். பழைய டிரைவர் எவனாவது சீட்டாடக் கூப்பிட்டிருப்பான். இத்தனை வருஷமும் அக்காவுக்காக வந்தான், அப்புறம் கடனே என்று வந்தான், இப்போது அதுவும் தீர்ந்தது. போகட்டும். யார் இல்லாவிட்டால் யாருக்கு விடியாது? இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே, ஏழு மணிக்குப் படியில் கேட்கிற ஒவ்வொரு காலடியையும் எண்ணினார். அவர் குடியிருந்தது இரண்டாவது மாடி. பதினெட்டுப் படி ஏறித் திரும்பி, இன்னும் பதினெட்டு. யாரோ பதினெட்டில் நின்று, பூட்டைத் திறந்து, முதல் மாடியிலேயே உள்ளே போய்விடுவார்கள். ஒரு தடவை ஒரு சத்தம் முப்பத்தாறும் ஏறியது. கதவைத் திறந்து பார்த்தார். எதிர்வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்தவன்.

"என்ன பெரியவரே, உங்களுக்கா?" என்று கேட்டான்.

"எனக்கு யார் அனுப்புவா?" என்று கதவைச் சாத்தினார்.

அவன் வராத ஐந்தாவது சனிக்கிழமை அவருக்கே அவர்மேல் எரிச்சல் வந்தது. உண்மையைச் சொன்னேன், என்ன கிடைத்தது? நல்லாத்தான் இருந்துச்சு என்று அவன் சொன்னபோது, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் இங்கே உட்கார்ந்திருப்பான். கப்பல் பாட்டு கெட்ட பாட்டுதான். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

ஏழு மணிக்குத் தொடரைப் போட்டார். முழுசாய்ப் பார்த்தார். ஒரு நல்ல இடமாவது வராதா, அதைச் சொல்லிக் கூப்பிடலாமே என்று கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை. இருந்த கதையையும் மறந்துவிட்டு, எல்லோரும் ஏதோ ஒரு பரிசு மேடையில் ஆடினார்கள். எட்டு மணிக்கு நிறுத்தினார்.

போனை எடுத்தார். வாடா என்றால் போதும், வந்துவிடுவான். அது அவருக்குத் தெரியும். ஆனால் பாவம் என்று வருவான். பாவம் என்று வருகிறவன் அரை டம்ளர் டீயில் எழுந்து போவான். அவருக்கு வேண்டியது, முன்பு வந்த மாதிரி, எதையோ பார்க்க வருகிற மாப்ளை.

"சொல்லுங்க மாமா."

"என்ன பண்றே?"

"சும்மாதான்."

"இந்த வாரம் தொடர் போட்டுப் பாத்தேன்."

"ஓ."

"பரவால்லடா. தேறிட்டான்." அவருக்கே தன் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது. "பழையபடி ஒரு பாட்டு வச்சிருக்கான்."

"அப்படியா? என்ன பாட்டு?"

இதை அவர் யோசித்து வைக்கவில்லை. பொய் சொல்லிப் பழகியவனாக இருந்தால் முன்கூட்டியே தயார் பண்ணியிருப்பான்.

"தையல்காரன் பாட்டுதான். ஒரு சட்டை தைக்கறான். ஞாபகப் பிசகுல மூணு கை வச்சுத் தைச்சுட்டான்."

"மூணு கையா?"

"ஆமா. பிரிக்கவும் மனசு வரல. படியில உக்காந்துட்டு, போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் கேக்கறான். ரெண்டு கைக்கு ஆள் இருக்கு, மூணாவது கை யாருக்குன்னு. அதான் பாட்டு."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ ஒரு டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. மெக்கானிக் அதை உற்றுக் கேட்டார். பரிசு மேடையில் கடைசியாக அடித்த அதே மேளம், அடுத்த வாரத்துக்கான விளம்பரமாக.

"மாமா."

"ம்."

"நானும் பாத்தேன்."

மெக்கானிக் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"அஞ்சு வாரமா பாக்கறேன். மருமக அந்தப் பக்கம் போனதும் போட்டுக்குவேன். தையல்காரன் இந்த வாரம் வரவே இல்ல மாமா."

பிடிபட்ட திருடன்மாதிரி அவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். வைத்துவிடலாம் என்று தோன்றியது. கை வரவில்லை. அந்தப் பக்கமும் யாரும் வைக்கவில்லை. ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்குக் கேட்டது.

"அந்த மூணாவது கை" என்றான் கண்டக்டர். "கடைசில என்ன பண்ணான்?"

"தெரியல. இந்த வாரம் அதைச் சொல்லல."

"வெட்டிட்டானா?"

"வெட்டல. வெட்டுவானா? அப்படியேதான் இருக்கு."

"சரி மாமா. அப்ப அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

"வா."

"ஏழு மணிக்குத்தானே?"

"ஏழு மணிக்குத்தான்."

போனை வைத்தார். மணி எட்டேகால் ஆகியிருந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு நடுவில் முழுசாய் ஆறு நாள் கிடந்தது.